கோழி வளர்ப்பில் பரஸ்பர உதவி

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய சொற்பொழிவு)



கிராமங்களில் ஆட்டையும் மாட்டையும் பற்றிப் பேசுவோர் பலர்; கோழியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கொல்லையில் நாலைந்து பெட்டைகளும் ஒரு சேவலும் மேய்வதை ஒரு சொத்தாக எவரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆயினும் வீட்டில் எதிர்பாராத செலவு நேரும்போது முதலில் கைகொடுப்பது அந்தக் கோழியே. குழந்தைக்கு மருந்து வாங்கவும், பள்ளிக்கூடத்திற்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், வந்த விருந்தினருக்குச் சோறு போடவும், குலதெய்வத்திற்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தவும் அதுவே உதவுகிறது. அதிலும் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கிறது. விளைச்சலை விற்ற பணமும் அவர்கள் கைக்கே போய்ச் சேருகிறது. முட்டை விற்ற காசோ வீட்டுப் பெண்ணின் முந்தானையில் முடியப்படுகிறது. ஆகையால் ஒரு வீட்டில் கோழிகள் மாண்டால், அவ்வீட்டுப் பெண்ணின் கைமுதல் போயிற்று என்றே கொள்ளவேண்டும்.

இக் கைமுதலைக் காப்பது ஒரு வீட்டாரால் மட்டும் இயலாது. ஒரு தெருவார் ஒன்றுகூடினால் இயலும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இச் சொற்பொழிவின் நோக்கம்.

வியாதியின் இயல்பு

நாட்டுக் கோழிகளை அழிக்கும் வியாதிகளுள் மிகக் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகிலும், ஏறக்குறைய அதே காலத்தில் ஜாவாத் தீவிலும் இவ்வியாதி கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் இமயமலைப் பிரதேசத்திலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டமையால், இந்தியாவில் இதற்கு இராணிக்கெட் வியாதி என்னும் பெயர் வழங்கலாயிற்று. இதனை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரஸ். நோயுற்ற கோழி இரை எடுக்காது. இறக்கையைத் தொங்கவிட்டு உறங்கி விழும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெண்மையும் பசுமையும் கலந்து கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சிலவற்றுக்குக் காலும் இறக்கையும் செயலற்றுப் போகும். தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே இது புகுந்தால் பத்தில் எட்டு ஒன்பது மாள்வதும் உண்டு. கூண்டு முழுவதுமே காலியாவதும் உண்டு. வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது. வருமுன் தடுப்பதே வழி.

இவ்வியாதி பரவும் வகையை நன்றாக அறிந்துகொள்வது அவசியம். நோயுற்ற பறவையின் எச்சத்திலும், மூக்கிலும் வாயிலும் வடியும் நீரிலும் வைரஸ் நிறைந்திருக்கிறது. அது மனிதரின் காலிலும், செருப்பிலும், கோழியைக் கவிக்கும் பஞ்சாரத்திலும், வியாபாரியின் கூடையிலும், ஒட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும். வியாதி தொற்றிய நாள்முதல் குறி தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஐந்து ஆறு நாட்களாகும். சில சமயங்களில் 2 நாட்களிலும் தோன்றலாம், 15 நாட்கள் வரை தாமதிக்கவும் கூடும். சந்தையில் சுறுசுறுப்பாகக் காணப்பட்ட கோழி, வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் தானும் மாண்டு மற்றவற்றையும் மாய்ப்பது இக் காரணத்தாலேயே. வாங்கிவந்த கோழியை 14 நாட்களாவது தனியே அடைத்துவைத்து, அதற்குத் தனித் தண்ணீர்ச் சட்டி வைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும் என்பது அதனாலேதான்.

எல்லாச் சாவும் வெள்ளைக்கழிச்சல் அன்று. ஈரக் கூண்டில் வளரும் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். கொசுக்களால் பரவும் அம்மை கொண்டையிலும் முகத்திலும் கொப்புளங்களை எழுப்பும். குடற்புழுக்கள் கோழியை மெலிவிக்கும். ஆகையால் மாண்ட பறவையைத் தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோய்க் காட்டிக் காரணத்தை அறிந்துகொள்வது நலம். ஒரு வீட்டில் அறிந்த காரணம் பத்து வீடுகளுக்குப் பயன்படும்.

மறைப்பதால் விளையும் கேடு

முதற்கோழி சுருண்டு விழுந்தவுடன் வீட்டார் செய்வது என்ன? பெரும்பாலும் எவரிடமும் சொல்வதில்லை. மீதிக் கோழிகளைக் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகின்றனர். சாகும் நிலையிலுள்ளதை அறுத்து உண்கின்றனர். அதன் குடலும் இறகும் குப்பைமேட்டில் வீசப்படுகின்றன. அடுத்த வீட்டுக் கோழி அதைக் கிளறுகிறது. செத்ததை இரவில் ஓடையிலோ வேலியோரத்திலோ எறிவோரும் உண்டு; நாயும் காக்கையும் அதனை ஊர் முழுவதும் கொண்டுசெல்கின்றன. இவ்வாறு ஒரு வீட்டின் நஷ்டம் ஒரு வாரத்தில் தெருவின் நஷ்டமாகிறது. சந்தை கூடிக் கலைந்தால் பல ஊர்களின் நஷ்டமாகிறது.

இப்படிச் செய்வோரைப் பொல்லாதவர் என்று பழிப்பது எளிது. பழிப்பதால் பயன் இல்லை. அவர்கள் மறைப்பதற்குக் காரணம் உண்டு. வெளியே சொன்னால் கோழி விலைபோகாது என்னும் அச்சம் ஒன்று. “உன் வீட்டிலிருந்துதான் வந்தது” என்று தெருவார் ஏசுவர் என்னும் அச்சம் மற்றொன்று. மருமகள் வந்த வேளை சரியில்லை என்றும், அடுத்த வீட்டுக்காரி கண் வைத்தாள் என்றும் பேச்சு எழும். நெடுநாளைய நட்பு அதனால் முறியும். சொல்பவருக்கு நஷ்டமும் வசையும், மறைப்பவருக்குச் சிறிதளவேனும் லாபமும் இருக்கும்வரையில், எத்தனை புத்திமதி கூறினும் மக்கள் மறைக்கவே செய்வர். எனவே முதலில் சொல்பவருக்கு நஷ்டம் வராதபடி செய்வதே தெருவாரின் முதற்கடமை.

இதற்கு அரசாங்கத்தார் நடத்தையிலேயே ஒரு சான்று உண்டு. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மகாராஷ்டிர மாநிலத்தில் நந்துர்பார் ஜில்லாவைச் சேர்ந்த நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. மனிதருக்கும் தொற்றக்கூடிய வியாதியாதலால், சுற்றுவட்டாரத்துக் கோழிகள் அழிக்கப்பட்டன. அவற்றிற்கு அரசாங்கத்தார் இழப்பீடு அளித்தனர். இழப்பீடு இல்லையேல் மக்கள் நோயுற்ற பறவைகளை ஒளித்துவைப்பர் என்பதை உலகெங்கும் அனுபவம் காட்டியிருக்கிறது. ஆனால் வெள்ளைக்கழிச்சலில் தானாக மாளும் கொல்லைக் கோழிக்கு அத்தகைய இழப்பீட்டை எதிர்பார்த்திருக்க இயலாது. அவ்விடத்தில் தெருவாரே ஒருவருக்கொருவர் ஈடு செய்துகொள்ள வேண்டும்.

ஜாமீன் என்னும் பழைய வழி

இக் கருத்து சங்கத்தாருக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கையில், ஜெர்மனியில் ரைபைசன் அமைத்த கிராமச் சங்கங்களைப் போன்றவை இந்நாட்டுக்கும் தேவை என்று வற்புறுத்தினார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த திரூரில் கிராமச் சங்கம் ஒன்று பதிவாயிற்று. ஒருவரையொருவர் நன்கறிந்த அண்டை வீட்டார், ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் நிற்பதே அச் சங்கங்களின் அடிப்படை. பணத்திற்கு ஜாமீன் நிற்கும் அயலார் கோழிக்கு ஜாமீன் நிற்கலாகாது என்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

கோழியும் கூட்டுறவும் இணைந்த வரலாறும் தெற்கே உண்டு. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும், 1956முதல் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்ததுமான மார்த்தாண்டத்தில், 1920-களில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் கிராம புனருத்தாரண நிலையம் ஒன்றை நடத்தினர். தேனீயும் கோழியும் அங்கு வீட்டுத் தொழில்களாகக் கற்பிக்கப்பட்டன. முட்டைகளைக் கூட்டாகச் சேர்த்து விற்கவும் குடியானவர்கள் பழகினர். விற்பதில் சேரக் கற்றவர்கள், காப்பதிலும் சேரக் கற்கலாம்.

ஒரு குப்பி, பல வீடுகள்

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. இந்தியாவில் முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவான தடுப்பு மருந்து வகை, எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசியாகப் போடப்பட்டு வருகிறது. இளங் குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து வேறாக உண்டு. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்ப்ரோவும் அவரைச் சேர்ந்தோரும் வெப்பத்தை ஓரளவு தாங்கும் மருந்து வகைகளைக் கிராமக் கோழிகளுக்கென்றே உருவாக்கினர். அவ்வகைச் சொட்டு மருந்தை ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், தான்ஸானியா முதலிய நாடுகளின் கிராமத்தாரே பயிற்சி பெற்று, நான்கு மாதத்திற்கு ஒருமுறை அயலார் கோழிகளின் கண்ணில் விட்டு வந்திருக்கின்றனர். தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறையார் கோடைக்கு முன்னதாகப் பிப்ரவரி மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்தி வந்துள்ளனர்.

மருந்து இருந்தும் கோழிகள் மாள்வது ஏன்? குப்பியின் அளவே ஒரு முக்கிய காரணம். தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று 100 பறவைகளுக்கோ அதற்கு மேலோ போதுமானதாக வருகிறது. அதைக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டொரு மணி நேரத்திற்குள் செலவழித்துவிட வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் தமக்கென்று ஒரு குப்பியை உடைத்தால் 92 பறவைகளுக்குரிய மருந்து வீணாகும். ஒரு தெருவில் 12 வீடுகள் இருப்பதாகக் கொள்க. வீட்டுக்கு எட்டாக 96 பறவைகள். ஒரு குப்பி அப்படியே சரியாகிறது. தனி வீட்டுக்குப் பெரிதாகவும் தெருவுக்கு அளவாகவும் இருக்கும் அக் குப்பியே கூட்டுறவின் அவசியத்தைக் காட்டுகிறது.

ஆகவே தெருவார் ஒரு நாளைக் குறித்து, மருந்தக வைத்தியருக்கு முன்னரே எண்ணிக்கையைத் தெரிவித்து, அன்று கோழிகளை விடியுமுன் கூண்டைத் திறவாமல் வைத்திருக்க வேண்டும். மேயவிட்ட பின் அவற்றைப் பிடிப்பது அரிது. நோயுற்ற கோழிக்கு ஊசி போடுவதால் பயன் இல்லை. குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பதைத் தடுப்பூசிக்கு முந்திய வாரத்தில் முடித்துக்கொள்வது நன்று. ஒரு வீடு விடுபட்டாலும் தெருவுக்கு அபாயம் உண்டு. வீட்டில் ஆள் இல்லாதவரின் கோழிகளை அயலார் பிடித்து வந்து போட்டுவைக்க வேண்டும்.

இழந்தவருக்குத் துணை

தடுப்பு எவ்வளவு செய்தாலும் சில சமயம் நஷ்டம் வரவே செய்யும். வியாதி வராதவிடத்தும் கீரியும் பருந்தும் காட்டுப்பூனையும் உண்டு. இழந்தவர் மீண்டும் தலையெடுப்பதற்குப் பழைய கிராம வழக்கமே வழிகாட்டுகிறது. ஆட்டையும் கோழியையும் வாரத்திற்கு விடும் வழக்கத்தை யாவரும் அறிவர். பெட்டையை ஒருவர் கொடுக்க, மற்றொருவர் வளர்த்து, பொரிந்த குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொள்வதே அது. கோழியை முற்றும் இழந்த வீட்டுக்கு இவ்வாறு வாரத்திற்குப் பெட்டை கொடுப்பதோடு, முதல் ஈட்டில் பங்கு கேளாமல் விட்டுவிடுவதென்று தெருவார் தீர்மானித்துக்கொள்ளலாம். மற்ற 11 வீட்டாரும் ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தால், ஓர் அடைக்கோழிக்கு வைக்கத்தக்க அளவு முட்டை சேர்ந்துவிடும். 21 நாட்களில் குஞ்சு பொரியும். முட்டையும் பெட்டையும் வியாதி காணாத வீட்டிலிருந்தே வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆனால் அவசரப்படலாகாது. வியாதி கண்ட கூண்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிட்டு, ஒரு மாதமாவது காலியாக வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதமே இழந்தவருக்கு மிகவும் கடினமான காலம். காலைதோறும் தவிடு பிசையும் கை வெறுமையாயிருக்கும். குஞ்சுகளுக்குப் பெயரிட்டு அழைத்த பிள்ளைகள் கூண்டுப் பக்கம் போய்ப் போய் வருவர். “கோழிதானே செத்தது” என்று கூறுவது ஆறுதல் அன்று. அருகில் வந்து உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டு, குழி தோண்டவும் கூண்டு கழுவவும் ஒரு கை கொடுப்பதே ஆறுதல். உதவச் சென்றவர் திரும்பும்போது கால், கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடையை மாற்றிய பின்னரே தம் கோழிகளிடம் செல்லவேண்டும்.

வியாதி பல வீடுகளைச் சூழ்ந்துவிட்டால் முட்டை கொடுக்கவும் ஆள் இராது. அதற்காக நல்ல காலத்திலேயே சேமிப்பு ஒன்று தொடங்குவது உத்தமம். வீட்டுக்கு வாரம் ஒரு முட்டையின் விலையைச் சங்கத்தில் கட்டிவந்தால், 12 வீடுகளுக்கு ஓர் ஆண்டில் 624 முட்டைகளின் விலை சேரும். ஒருவரும் வருந்தாமல் சேர்ந்த அத்தொகை, ஒரு தெருவையே மறுபடி தொடங்கச் செய்ய உதவும்.

வளர்ப்போரின் சுகம்

கோழியின் வியாதியைப் பேசும்போது வளர்ப்போரின் சுகத்தை மறக்கலாகாது. வெள்ளைக்கழிச்சல் கண்ட பறவையைக் கையாளுவோருக்குச் சில சமயம் கண் சிவந்து நீர் வடியும். அது சில நாட்களில் தணியும். பறவைக் காய்ச்சலோ உயிருக்கே ஆபத்தானது. ஆகையால் காரணம் தெரியாமல் பறவைகள் கூட்டமாக மாளும்போது அவற்றை அறுத்து உண்பதும், பிள்ளைகளைத் தொடவிடுவதும் கூடாது. கையில் உறை மாட்டி, வாய் மூக்கை மூடிக்கொண்டு, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். அதன்பின் காய்ச்சலும் இருமலும் கண்டால் வைத்தியரிடம் பறவைகள் மாண்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வளர்ப்பவர் தாமே நோயுற்றுப் படுத்தாலும், பிரசவத்திற்குத் தாய்வீடு சென்றாலும், ஆஸ்பத்திரியில் இருந்தாலும், பல வீடுகளில் முதலில் விற்கப்படுவது கோழிகளே. திறந்துவிடவும் அடைக்கவும் ஆள் இல்லை என்பதே காரணம். காலையில் கூண்டைத் திறந்து, தண்ணீர் வைத்து, மாலையில் எண்ணி அடைப்பது அயல் வீட்டாருக்குக் கால் நாழிகை வேலை. அவ்வேலையை முறைபோட்டுச் செய்தால், நோயாளி வீடு திரும்பும்போது முட்டைக் காசு அவருக்காகக் காத்திருக்கும்.

தெருவார் ஏற்றுக்கொள்ளத்தக்க தீர்மானங்கள்

மேற்கூறியவற்றைச் சுருக்கினால் ஒவ்வொரு தெருவாரும் கூடி ஏற்கத்தக்க தீர்மானங்கள் ஐந்தாகும்.

1. தெருவிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் தடுப்பு மருந்து போடுவது. எண்ணிக்கையை எழுதிவைக்க ஒரு பெண்மணியை நியமிப்பது.

2. ஒரு பறவை சுருண்டாலும் அன்றைக்கே அவரிடம் தெரிவிப்பது. தெரிவித்தவரை எவரும் ஏசுவதில்லை என்று உறுதி கூறுவது.

3. தெரிவித்த நாள் முதல் ஒரு மாதம் தெருவிலிருந்து கோழி விற்பதும், வெளியிலிருந்து வாங்குவதும் இல்லை. இதனால் அனைவருக்கும் சிறிது நஷ்டமே. மறைப்பதால் வருவதோ முழு நஷ்டம்.

4. முதலில் தெரிவித்தவருக்கே முதற்பெட்டையும் முதல் ஈட்டு முட்டைகளும். தடுப்பு மருந்துக்குக் கோழிகளைக் கொண்டுவராதவரும், மறைத்து விற்றவரும் இவ்வுதவிக்கு உரியவராகார்.

5. வாரம் ஒரு முட்டையின் விலையைச் சேமிப்பாகச் சங்கத்தில் கட்டுவது. அக்கணக்கை மாதந்தோறும் கூட்டத்தில் வாசிப்பது.

இவற்றுள் நான்காவதே மற்றவற்றிற்கெல்லாம் உயிர்நிலை. உண்மையைச் சொன்னவர் நஷ்டப்படாத தெருவில் உண்மை மறைவதில்லை. உண்மை மறையாத தெருவில் வியாதி வெகுதூரம் செல்வதில்லை. இத்தீர்மானங்களுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; வாரம் ஒரு முட்டையும், அயலார் மேல் நம்பிக்கையும் இருந்தால் போதும். ஆகவே அங்கத்தினர்கள் தத்தம் தெருவாரை, சிறப்பாகப் பெண்மக்களை, அடுத்த மாதக் கூட்டத்திற்கு முன்பாகவே ஒன்றுகூட்டி, இவற்றைப் படித்துக் காட்டி, ஏற்றதை ஏற்றும் திருத்தவேண்டியதைத் திருத்தியும் நடைமுறைக்குக் கொண்டுவருவார்களாக.